பித்தநாளப் புற்றுநோய்க்கு ஏன் கல்லீரலையே மாற்றுகிறார்கள்?

கல்லீரலில் சுரக்கிற பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகிற குழாய்தான் பித்தநாளம். கல்லீரலின் வாசலில் இடது, வலது குழாய்கள் சேருமிடத்தில் கட்டி வந்தால், பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்களும் ஓடுவதால், பலருக்கு அதை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. நம்ம தோட்டத்துப் பீலிக்குத் தண்ணீர் வரும் பைப் நடுவில் உக்கினால் ஒரு துண்டை மாற்றலாம், தொட்டிச் சுவருக்குள் புதைந்த மூட்டே உக்கினால் தொட்டியோடுதான் மாற்ற வேண்டும். சரி, எல்லோருக்கும் செய்வார்களா? இல்லை. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 1993இல் தொடங்கிய முறைப்படி, கட்டி 3 சென்டிமீட்டருக்குள், வேறெங்கும் பரவாமல் இருக்க வேண்டும். முதலில் கதிர்வீச்சும் கீமோவும், அப்புறம்தான் மாற்று.

பரவியிருந்தாலும் புதுக் கல்லீரல் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பது தவறு, புது உறுப்பை உடல் தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் மிஞ்சிய புற்றுச் செல்கள் இன்னும் வேகமாக வளரலாம்.