மோட்டார் பக்கம்: பெட்டி கட்டினால் அப்சார்பரையும் பாருங்கள்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். போன வருஷம் 650 சிசி டூரிங் மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு, மூன்று பெட்டியும் கட்டி, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினால் வளைவில் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடுகிறது, மேடுபள்ளத்தில் படகு மாதிரி ஆடுகிறது. டயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: டயருக்குப் பணம் போடுவதற்கு முன்னால் பின் அப்சார்பரை, அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டைப் பாருங்கள் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பின்பக்கம் அதிகமாக அமுங்குகிறது. பின்னால் அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் படுத்த மாதிரி சாய்ந்துவிடும், ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி மெதுவாகத்தான் கேட்கும். வளைவில் வெளியே ஓடுவது அதனால்தான்.

தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தொங்கும். அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே சீட்டுக்குக் கீழே ஓர் இடத்தில் டேப் ஒட்டி, அதுவரை அளந்து எழுதிவையுங்கள். அப்புறம் வண்டியை இறக்கி, பெட்டிகளில் சாமான் நிரப்பி, நீங்களும் வீட்டுக்காரம்மாவும் ஏறி உட்காருங்கள், பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுக்கம். பின்சக்கரம் மொத்தம் 150 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் வண்டி என்றால் 45, 50 மில்லிமீட்டர் அமுங்கலாம். உங்களுடையது 70ஐத் தாண்டியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

குறைக்க, ஸ்பிரிங்கின் மேலே இருக்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் முடுக்க வேண்டும்; சில வண்டியில் கையாலேயே திருப்பும் குமிழ் இருக்கும். முடுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டி நிற்கும் உயரம்தான் ஏறுகிறது. முழுக்க முடுக்கியும் அமுக்கம் அடங்கவில்லை என்றால் அந்த ஸ்பிரிங்குக்கு உங்கள் சுமை தாங்காது, கெட்டியான ஸ்பிரிங்தான் போட வேண்டும். அப்சார்பரின் அடியில், அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தை அடக்கும் ரீபவுண்ட் திருகு இருந்தால் சுமையோடு போகும்போது ஒன்றிரண்டு கிளிக் இறுக்குங்கள், பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஆட்டம் ஒரே தடவையில் அடங்கும். முதலில் இருந்த கிளிக் எண்ணிக்கையை எழுதிவைக்காமல் தொடாதீர்கள், திரும்பி வந்து தனியாக ஓட்டும்போது பழையபடி வைக்க வேண்டும்.

இன்னொன்று, முகப்பு விளக்கு. கிரிக்-ஜெலி சாலையில் ஓர் இரவு நான் சாமான் கட்டிக்கொண்டு போனபோது எதிரே வந்த லோரிகளெல்லாம் ஹைபீம் அடித்தன. எனக்குப் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் பின்பக்கம் இறங்கி, என் வெளிச்சம் மரத்து உச்சியில் விழுந்துகொண்டிருந்தது. யானை கடக்கும் சாலையில், முன்னால் இருக்கும் தார் எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் அமுக்கம் அளக்காமல் நான் ராத்திரிப் பயணம் கிளம்பியதே இல்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து எண்ணெய் நிலையம் 12 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுகிறது. காற்றை எப்படிச் சரியாகப் பிடிப்பது?

பதில்: காற்றழுத்தம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வீட்டிலேயே, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சுமையோடு பின் டயருக்கு 42 பிஎஸ்ஐ, அதாவது 290 கிலோபாஸ்கல், என்று இருந்து, வீட்டில் 39 காட்டினால் மூன்று குறைவு. நிலையத்துக்குப் போனதும் அங்கே காட்டுகிற எண் எதுவானாலும் அதற்குமேல் மூன்று ஏற்றுங்கள், அவ்வளவுதான். சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். இறக்கினால் டயர் ஆறியதும் குறைந்துவிடும். குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி மேலும் சூடாகும், சுமையும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் அதுதான் ஆபத்து. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை வைத்து ஏற்றக் கூடாது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

கேள்வி: கணவரோடு அடிக்கடி கேமரன் மலையில் இருக்கும் பிரிஞ்சாங்குக்கு மோட்டாரில் போகிறேன். மேலே குளிர், காற்று குறையுமே, அங்கே போய் ஏற்ற வேண்டுமா?

பதில்: நல்ல கேள்வி அக்கா. காலையில் பத்து டிகிரி குளிர்ந்தால் கேஜ் சுமார் இரண்டு பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். ஆனால் பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு, அதனால் கேஜ் கிட்டத்தட்ட இரண்டு பிஎஸ்ஐ கூட்டியும் காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். சமவெளியில் ஆறிய டயரில் பிடித்த காற்றோடு ஏறுங்கள். மேலே போய் எதையும் தொட வேண்டாம், வால்வு மூடி மட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.