போதையில் விழுந்தால் அடி குறைவாகப் படுமா?

கேள்வி: என் அண்ணன் கொத்தனார். குடித்துவிட்டு பைக்கில் வந்தவர் அழகியமண்டபம் பக்கம் விழுந்துவிட்டார். நெற்றியில் சிராய்ப்பு மட்டும்தான். “போதை தெளிஞ்சா எழும்பிருவான்” என்று படுக்க வைத்தோம். விடிந்தும் எழும்பவில்லை. மண்டைக்குள் ரத்தக்கசிவு என்று ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, இப்போது வீட்டில் இருக்கிறார். போதையில் உடம்பு தளர்ந்திருக்கும், அடி உறைக்காது என்பார்களே, பொய்யா? - வாசகி, தக்கலை

பதில்: பொய்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில், குடித்திருந்தவர்கள் அதிகம் பிழைத்ததுபோலத் தெரிந்தது உண்மை. ரோட்டிலேயே உயிர் போனவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லையே! ஒரே மாதிரி மோதலில் குடித்தவருக்குத்தான் காயம் மோசமாகிறது.

ரத்தம் போகும்போது உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். மது அதைக் கெடுக்கிறது. ரத்தம் உறைவதும் மந்தமாகும். பல வருஷமாகக் குடிப்பவருக்கு ஈரல் கெட்டிருந்தால் இன்னும் மோசம். மூளையும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே போகும் ரத்தக்குழாய்கள், அதாவது சிரைகள், இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலேயே அறுந்து கசியும். வெளியே சிராய்ப்பு மட்டும்தான் தெரியும்.

அதைவிட ஆபத்து, போதையும் மண்டையடியும் பார்க்க ஒன்றுபோல இருப்பது. குளறல், வாந்தி, தூக்கம் இரண்டிலும் உண்டு. பார்த்துப் பிரிக்க டாக்டர்களான எங்களாலும் முடியாது, அதனால்தான் ஸ்கேன். மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றித் தெளிய வைக்கப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்துத் திருப்புங்கள்.

இன்னொன்று. கேஷுவாலிட்டியில் “எப்பவாவதுதான் குடிப்பார் டாக்டர்” என்று வீட்டார் மழுப்புவார்கள். வாடை எங்களுக்கே அடிக்கும், பதிவேட்டிலும் எழுதிவிடுவோம். ஆனால் தினமும் குடிப்பவரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றலும் வரும். மறைத்தால் அது மதுவாலா மூளைக் காயத்தாலா என்று நாங்கள் தடுமாறுவோம். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இது தெரிந்தாக வேண்டும்.

அண்ணனுக்கு அடுத்த சில வாரங்களில் தலைவலி கூடினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு மாறினாலோ காத்திருக்க வேண்டாம். பழைய ஸ்கேன் படத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.