பையனுக்கு ரோசம், புள்ளைக்குத் திமிரா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். புராஜெக்ட் ரிவ்யூவில் எங்கள் டீம் லீடரான பெண், என் புரோகிராம் கோடில் இருந்த தப்பை சார் முன்னாடியே சொல்லிவிட்டாள். ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் 'பொட்டப்புள்ளைக்கு இத்தனை திமிரு ஆகாது' என்று போட்டுவிட்டேன். அவள் இப்போது பேசுவதே இல்லை. நான் பெண்களை மதிக்கிறவன்தானுங்க. ஆறு மணிக்கு மேல் அவர்களை லேபில் இருக்க விடமாட்டோம், கஷ்டமான வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். கோபத்தை மட்டும் எப்படி அடக்குவது?

பதில்: தம்பி, கோபத்துக்கு முன்னால் அந்த 'மதிக்கிறேன்' என்ற வார்த்தையைப் பார்த்துவிடுவோம். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996-ல் 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் பாதி பெண்களை எதிரியாகப் பார்ப்பது பற்றியது. மறுபாதி 'பாவம், நாமதான் பாத்துக்கணும்' என்ற பரிவு பற்றியது. பிறகு பல நாடுகளில் பார்த்தபோது, ஒன்று அதிகமாக இருந்த நாட்டில் மற்றதும் அதிகமாகவே இருந்தது. பணிந்து இருக்கிறவரைக்கும் பரிவு, தப்பைச் சுட்டிக்காட்டினால் 'திமிர்'. உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆறு மணிக்கு மேல் லேபில் இல்லாதவர் கோடைத் தொடவே முடியாது. ரிப்போர்ட்டும் பிபிடியும் அவர் தலையில் விழும். நாளைக்கு இன்டர்வியூவில் 'இதில் நீ என்ன செய்தாய்?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இருட்டிப் போகிறதே என்று கவலைப்பட்டால் டீம் முழுக்கச் சேர்ந்து வேலை நேரத்தை மாற்றுங்கள். வேலைகளைப் பட்டியலிட்டு ரிவ்யூவுக்கு ரிவ்யூ சுற்றில் விடுங்கள்.

இனி கோபம். சார் முன்னால் தப்பு வெளிப்பட்டதும் முதலில் வந்தது அநேகமாக வெட்கமாக இருக்கும். 'ஆம்பளப் பையன் அழுவானா?' என்று கேட்டே வளர்க்கப்பட்டவர்களுக்கு வெட்கத்தைச் சொல்ல வார்த்தை இருக்காது. நம் பக்கத்தில் அதற்கு ரோசம் என்று பேர் வைத்து மெச்சவும் செய்வோம். அதே தப்பை ஹாஸ்டல் ரூம்மேட் சொல்லியிருந்தால் அந்த மெசேஜைப் போட்டிருப்பீர்களா? இல்லை என்றால், உங்களைச் சுட்டது தப்பு வெளிப்பட்டது மட்டுமில்லை, அதைச் சொன்னவர் பெண் என்பதும்தான்.

'அடக்குவது' உதவாது. முகத்தில் காட்டாமல் விழுங்கினால் உள்ளே கோபம் குறைவதில்லை, எதிரில் பேசியதும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டீக்கடையில் நண்பர்களோடு அவரைத் திட்டித் தீர்ப்பதும் கோபத்தை வளர்க்கவே செய்யும். முகம் சூடாகும்போதே நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'சார் முன்னால் வெட்கமாகிவிட்டது.' அடுத்த வரியில், அவர் சொன்னது சரியா தப்பா என்று மட்டும். இது பழக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை, கோபமான ராத்திரியில் எந்த மெசேஜையும் காலை வரை அனுப்பாதீர்கள். இதையெல்லாம் செய்தும் கை ஓங்கும் அளவுக்குப் போகிறது என்றால் கல்லூரி கவுன்சலரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

மன்னிப்பை, திட்டிய அதே குரூப்பில் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் பாதி கடன்தான் தீரும். மூன்றே வரி போதும்: என்ன எழுதினேன், அது தப்பு, தப்பு என் கோடில்தான் இருந்தது. 'ஆனா' வேண்டாம், 'கோபத்துல சொல்லிட்டேன்' வேண்டாம், பதிலுக்குக் காத்திருப்பதும் வேண்டாம். அவர் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போனால் அது அவர் உரிமை. நண்பர்களை விட்டுச் சமாதானம் பேசச் சொல்லாதீர்கள். அது மிரட்டலாகவே போய்ச் சேரும்.

அவர் மறுபடி வேலை விஷயமாகப் பேச ஆரம்பித்தால், அடுத்த ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் கோடை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.