அரசு மருத்துவமனைத் தரவை எல்லாம் ஒரே டேட்டாபேஸில் வைக்கலாமா?

ஒரு மாநிலத்தின் அரசு மருத்துவமனைப் பதிவுகள் அனைத்தையும் ஒரே மைய டேட்டாபேஸில் வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம்தான், ஆனால் நான் வைக்க மாட்டேன். இங்கிலாந்தில் அரசு மருத்துவத் துறைக்காக 2002-ல் தொடங்கிய தேசிய தகவல் தொழில்நுட்பத் திட்டம் எல்லாவற்றையும் மேலிருந்தே திணிக்கப் பார்த்தது, 2011-ல் அதைக் கலைத்தார்கள். பல நூறு கோடி பவுண்டு போனதுதான் மிச்சம்.

இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வேறு வழியில் போகிறது: பதிவு உருவான மருத்துவமனையிலேயே இருக்கும், 14 இலக்க ஆபா எண் ஆளை அடையாளம் காட்டும், வேறு டாக்டர் கேட்டால் நோயாளி சம்மதித்த பிறகே எஃப்.எச்.ஐ.ஆர் என்ற, மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான பொது வடிவத்தில் அவருக்குப் போகும்.

சரி, பலரும் கோட்டை விடுவது இதில் இல்லை, தரவின் பொருளில். ஒரு லேப் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 126 என்று அனுப்பும், இன்னொன்று லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 7 என்று அனுப்பும், இரண்டும் ஒரே அளவுதான். அலகு, எந்தச் சோதனை என்பதற்கான லாயின்க் குறியீடு, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா என்ற விவரம் எதுவும் கூடவே வராவிட்டால் அந்த எண் வெறும் குப்பை.

அப்புறம், பழைய பதிவின் மேல் எழுதாதீர்கள். திருத்தம் புதிய பதிப்பாக, யார் எப்போது மாற்றினார் என்பதோடு சேரட்டும். புள்ளிவிவரத்துக்குப் பெயர் நீக்கிய தனிப் பிரதி வேண்டும், ஓபி நேரத்தில் அதே சர்வரில் ரிப்போர்ட் ஓட்டினால் வரிசை வாசல் வரை நிற்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட் போனாலும் பதிவு ஓட வேண்டும், இதைப் பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு.