தனிநபர் நுகர்வுச் செலவு எதைக் காட்டுகிறது?

மாநிலங்களை ஒப்பிடத் தனிநபர் வருமானம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வளைகுடாவில் உழைப்பவர் கேரளத்திலுள்ள தம் வீட்டுக்கு அனுப்பும் பணம் தனிநபர் வருமானத்துக்கு அடிப்படையான மாநில உற்பத்திக் கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய மீனும் மருந்தும் கட்டிய பள்ளிக் கட்டணமும் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் பதிவாகிவிடுகின்றன. 2022-23 கணக்கெடுப்பின்படி, ஒருவரின் சராசரி மாதச் செலவு கேரளக் கிராமங்களில் 5,924 ரூபாய், சத்தீஸ்கர் கிராமங்களில் 2,466 ரூபாய். சொந்த வயலில் விளைந்து வீட்டிலேயே உண்ட அரிசிக்கும் மதிப்பிட்டுச் சேர்ப்பதால், கையில் காசு அதிகம் புழங்காத உழவர் குடும்பமும் விடுபடுவதில்லை. இதையே இந்த அளவீட்டின் பெரிய பலமாகக் கருதுகிறேன். எனினும், விலைவாசி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சராசரிக்குள் ஏற்றத்தாழ்வும் மறைந்துவிடும். அதே ஆண்டில் இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773 ரூபாயாக இருந்தபோது, அடித்தட்டு 5 விழுக்காட்டினரின் செலவு 1,373 ரூபாய்தான்.