கிரியாட்டினின் ஏறினால் ரிஜெக்‌ஷன்தானா? மாற்றுச் சிறுநீரகமும் பிகே வைரஸும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் கணவருக்குச் சிறுநீரகம் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் 1.2-ல் இருந்து 1.9 ஆகிவிட்டது. பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்து பிகே வைரஸ் என்கிறார்கள். மாஸ்க் போடாமல் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. இது வாசல் வழியாக வந்த வைரஸ் அல்ல. பெரியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது சின்ன வயதிலேயே வந்து, சளி காய்ச்சல்போல ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். போனது என்றுதான் நினைப்போம். ஆனால் அது சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் சத்தமில்லாமல் தங்கிவிடும். பல நேரம் தானம் கொடுத்தவரின் சிறுநீரகத்தோடேயே வந்து சேர்கிறது. புது உறுப்பைக் காப்பாற்ற எதிர்ப்பு சக்தியை நாம் அடக்கி வைக்கும்போது அது தலைதூக்குகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்குள் பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, பெரும்பாலும் சிறுநீரும் குறையாது. அதனால் வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிகே என்பது ஒரு நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள். 1971-ல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில்தான் இதை முதலில் கண்டார்கள்.

கேள்வி: வைரஸுக்கு மருந்து தராமல், இருக்கிற மாத்திரையைக் குறைக்கிறார்களே? ரிஜெக்‌ஷன் வந்துவிடாதா சார்?

பதில்: நியாயமான பயம். புது உறுப்பை உடம்பே அந்நியமாக நினைத்துத் தாக்குவதுதான் ரிஜெக்‌ஷன். பிகே வைரஸைக் கொல்லும் என்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. அதை அடக்கக்கூடியது உங்கள் உடம்பின் எதிர்ப்பு சக்திதான். மாத்திரையைக் குறைப்பது அதற்குக் கொஞ்சம் கடிவாளத்தைத் தளர்த்தத்தான். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளில் மைக்கோஃபெனோலேட்டைப் பாதியாக்குவார்கள், அல்லது டாக்ரோலிமஸ் அளவை இறக்குவார்கள். எது முதலில் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

ரிஜெக்‌ஷன் என்றால் வைத்தியம் நேர் எதிர்: ஸ்டீராய்டு ஊசி போட்டு எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும். இரண்டிலும் கிரியாட்டினின் ஒரே மாதிரிதான் ஏறும். பயாப்ஸியில்கூட இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. வைரஸுக்கான தனிச் சாயம் போட்டுப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். எங்களுக்கே இருதலைக் கொள்ளி எறும்பு நிலைமை. அதனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பக்கத்து பெட்காரருக்குக் குறைத்தார்கள் என்று நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். குறைத்த பிறகு ரிஜெக்‌ஷன் வருகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டு வந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ரத்தத்தில் பிகே வைரஸ் 12,000 காப்பி (நகல்) என்று வந்திருக்கிறது. அதிகமா?

பதில்: கவனிக்க வேண்டிய அளவு. மில்லிலிட்டருக்கு 10,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருக்கும் என்றே எடுத்துக்கொள்வோம். 1,000-க்கு மேல் தொடர்ந்து நின்றாலும் சும்மா இருக்க மாட்டோம். லேபுக்கு லேப் எண் மாறும் என்பதால் ஒரே இடத்தில் பாருங்கள். கிரியாட்டினின் ஏறும் முன்பே பிடிப்பதுதான் இந்த டெஸ்டின் பயன். சிறுநீரகம் வைத்த முதல் ஒன்பது மாதம் மாதாமாதம், அப்புறம் இரண்டு வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கேள்வி: அப்பாவின் யூரின் ரிப்போர்ட்டில் ‘சந்தேகத்துக்குரிய செல்கள்’ என்று இருக்கிறது. புற்றுநோயா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: பயாப்ஸி ரிப்போர்ட்டைவிட இந்த ஒரு வரிதான் அதிகம் பேரைக் கலங்கடித்திருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லின் உட்கரு ஊதி, தேய்த்த கண்ணாடிபோல மங்கலாகத் தெரியும். புற்றுநோய்ச் செல் மாதிரியே ஏமாற்றுவதால் அதற்கு ‘டிக்காய் செல்’ (decoy, ஏமாற்றும் போலி) என்றே பெயர். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் என்று லேபில் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் பிகே டெஸ்டும் செய்யுங்கள். இரண்டையும் உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: சிஎம்வி என்ற இன்னொரு வைரஸ் வராமல் இருக்க வால்கான்சிக்ளோவிர் மாத்திரை சாப்பிடுகிறேன். அது பிகே-யையும் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: பார்த்துக்கொள்ளாது. சிஎம்வி தன் சொந்த நொதியாலேயே அந்த மருந்தைத் தூண்டிவிட்டு மாட்டிக்கொள்கிறது. பிகே-யிடம் அப்படி ஒரு நொதியே இல்லை. நம் செல்லின் கருவிகளை வைத்தே காலம் தள்ளுகிறது. வால்கான்சிக்ளோவிர் வெள்ளணுவைக் குறைக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்ப்பு சக்திக்குச் சீந்தில் கஷாயம் குடிக்கலாமா?

பதில்: ஒரு கையால் அடக்கி, மறு கையால் தூண்டிவிடுவதா? வேண்டாம். பம்ப்ளிமாஸும் வேண்டாம், டாக்ரோலிமஸ் அளவு எகிறும். காய்ச்சலுக்கு இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் தொடவே கூடாது.

கேள்வி: பிகே-யால் என் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸில் இருக்கிறேன். தங்கை தரத் தயாராக இருக்கிறாள். அவளுடையதையும் இது தின்றுவிடுமா?

பதில்: மறுபடி வைத்து நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ரத்தத்தில் வைரஸ் முழுதாக மறைந்த பிறகு வைப்பதுதான் பாதுகாப்பு. அதனால் அடுத்த டயாலிசிஸ் நாளில் ரத்தம் எடுக்கும்போதே பிகே-யும் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்ததும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.