வால்மீனிலிருந்து வெளியேறும் வாயுவின் அளவை நிறமாலையை வைத்து எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வால்மீன் வாயு தானாக ஒளிர்வதில்லை. மூலக்கூறுகள் சூரிய ஒளியை உறிஞ்சித் திரும்ப உமிழ்கின்றன. நிறமாலையில் சயனோஜன் 388 நானோமீட்டரிலும், ஈரணுக் கார்பன் 516 அருகிலும் பட்டைகளாகத் தெரியும். தண்ணீர் கண்ணுறு ஒளியில் நேரடியாகச் சிக்காது. அது உடைந்து வரும் ஹைட்ராக்சிலை 309 நானோமீட்டரில் பிடிக்கலாம். ஆனால் அங்கே ஓசோன் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால், தரையிலிருந்து அளப்பது சிரமம்.

முதலில் தூசு சிதறடிக்கும் சூரிய ஒளியைக் கழிக்க வேண்டும். சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றின் நிறமாலையை, பட்டைகள் இல்லாத இடங்களில் பொருந்துமாறு அளவு மாற்றிக் கழிப்பார்கள். மிஞ்சும் பட்டையின் பாயத்தையும் (நம்மை வந்தடையும் ஒளியாற்றலின் அளவு) வால்மீனின் தொலைவையும் கொண்டு மொத்த ஒளிர்வு கிடைக்கும். அதை ஒரு மூலக்கூறு நொடிக்கு உமிழும் ஆற்றலால் வகுத்தால், நிறமாலைமானியில் ஒளி நுழையும் குறுகிய பிளவுக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை வரும். அதிலிருந்து நொடிக்கு எத்தனை வெளியேறுகின்றன என்பதை, வாயு எல்லாத் திசைகளிலும் சீராகப் பரவி உடைவதாகக் கொள்ளும் ஹேசர் மாதிரி என்ற கணக்கீடு தரும்.

பலர் சறுக்குவது அந்த உமிழ்வு மதிப்பில்தான். வால்மீன் சூரியனை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தால், சூரிய நிறமாலையின் கருங்கோடுகள் மூலக்கூறின் உறிஞ்சும் கோடுகள் மேல் விழலாம், விழாமலும் போகலாம். அதற்கேற்ப மூலக்கூறு உறிஞ்சி உமிழும் ஆற்றலும் மாறும். சயனோஜனுக்கு ஒரே நிலையான எண்ணைப் போட்டால் விடை கணிசமாகப் பிசகும்.

இன்னொன்று, வான் பின்னணியை அதே பிளவின் ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள். பிரகாசமான வால்மீனின் வாயு அங்கும் பரவியிருக்கும். அதையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள். தொலைநோக்கியை நன்றாக விலக்கித் தனியாக ஒரு பதிவு எடுங்கள்.